லண்டனில் ஆஃப்டர்நூன் டீ: முதல்முறை போகிறவர்கள் பணத்தை வீணாக்காமல் இருக்க

லண்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்களின் பட்டியலில் ஆஃப்டர்நூன் டீ எப்படியும் இருக்கும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கேட்கவே வேண்டாம். பெயரில்தான் டீ. நடப்பில் அது ஒரு வேளைச் சாப்பாடு, விலையும் விருந்துச் சாப்பாட்டின் விலை. தலைக்கு 80 பவுண்டு கொடுத்து உட்கார்ந்த பிறகு முட்டை இருக்கிறதென்று பாதித் தட்டை ஒதுக்கி வைப்பது, டை கட்டாததால் வாசலில் நிற்பது, பில்லில் எதிர்பாராத 60 பவுண்டைப் பார்ப்பது எல்லாமே சாதாரணமாக நடக்கிறவை. இவற்றைத் தவிர்க்கும் வேலையில் முக்கால்வாசி வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

கீழே உள்ள விலைகள் 2025 நிலவரத்தை ஒட்டிய தோராயக் கணக்கு. அன்றைய விலையை அந்தந்த இடத்தின் முன்பதிவுப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது.

1. எதற்குப் பணம் கட்டுகிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மெனுவில் மூன்று நான்கு பெயர்கள் இருக்கும். தட்டில் வருவது ஒவ்வொன்றுக்கும் வேறு.

கிரீம் டீ என்றால் ஒரு குடுவை டீ, இரண்டு ஸ்கோன் (இனிப்புக் குறைந்த சின்ன பன் மாதிரி), கிளாட்டட் கிரீம் (கெட்டியான பாலேடு), ஜாம். அவ்வளவுதான். மிக மலிவு.

ஆஃப்டர்நூன் டீ என்பதுதான் படங்களில் பார்க்கும் மூன்றடுக்குத் தட்டு. ஓரம் வெட்டிய சின்னச் சாண்ட்விச்சுகள், ஸ்கோன், குட்டிக் கேக்குகள், உடன் டீ.

ஷாம்பெயின் ஆஃப்டர்நூன் டீ அதே தட்டுதான். கூடவே ஒரு கிளாஸ் ஷாம்பெயினும், அதற்காக 15 முதல் 25 பவுண்டு கூடுதலும். இணையத்தில் முன்பதிவு செய்யும்போது இதுவே பட்டியலில் முதலாவதாக நிற்பதுண்டு. மது குடிக்காதவர்கள் அவசரத்தில் இதைத் தட்டிவிடாதீர்கள்.

ஹை டீ என்று நம் ஊர் ஹோட்டல்கள் மாலை பஃபேயைச் சொல்கின்றன. இங்கே அந்தப் பெயரில் இருந்தால் சூடான உணவு ஒன்று சேர்ந்து வரும் என்று பொருள். ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையில் அப்படித்தான். மூன்றடுக்குத் தட்டு வேண்டும் என்று போகிறவர் இதில் என்னென்ன வரும் என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

2. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல்முறை என்றால் ரிட்ஸ் ஹோட்டல் வேண்டாம் என்பேன். மோசம் என்பதால் அல்ல. உடைக் கட்டுப்பாடு, விலை, நாள் கிடைக்காமை மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் அது. கீழே உள்ளவை என் வரிசைப்படி.

*செலவு குறைவாக, ருசி பார்க்க மட்டும்:* தெற்குக் கென்சிங்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கஃபே. அருங்காட்சியகத்துக்குள் நுழையக் கட்டணமில்லை. கேம்பிள், பாய்ன்டர், மாரிஸ் என்று மூன்று பழைய அறைகள். ஓடு பதித்த சுவரும் கண்ணாடி ஜன்னலும் எந்தப் பெரிய ஹோட்டலுக்கும் குறைந்தவை அல்ல. தட்டு எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று நாமே வாங்கி வரவேண்டும். டீயும் ஸ்கோனும் கிரீமும் ஜாமும் சேர்த்து 10 பவுண்டை ஒட்டி வரும். முன்பதிவு கிடையாது. பகல் 12.30 முதல் 2.30 வரை உட்கார இடம் தேடியே களைத்துப் போவீர்கள். அருங்காட்சியகம் மாலை 5.45க்கு மூடுகிறது என்பதால் 3.30 சுமாருக்குப் போவது நல்லது. சவுத் கென்சிங்டன் நிலையத்திலிருந்து சுரங்க நடைபாதை இருக்கிறது. மழைக்கும் கவலையில்லை.

டிராஃபல்கர் சதுக்கத்தில் இருப்பவர்களுக்கு செயின்ட் மார்ட்டின் தேவாலயத்துக்குக் கீழே ‘கஃபே இன் தி கிரிப்ட்’. செங்கல் வளைவுகளுக்கு அடியில், தரையில் கல்லறைக் கற்கள் பதித்த நிலவறை. கல்லறை மேல் உட்கார்ந்து சாப்பிடத் தயங்கும் பெரியவர்களை அழைத்துப் போனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

*நடுத்தரச் செலவு:* பிக்கடில்லி 160ஆம் எண்ணில் தி வுல்ஸ்லி. உயரமான வளைவுக் கூரை, கறுப்பு வெள்ளைத் தரை. பார்க்க அரண்மனை மாதிரி இருந்தாலும் அடிப்படையில் இது கஃபே. விலை ரிட்ஸில் கொடுப்பதில் ஏறக்குறைய பாதிதான். பெற்றோரை அழைத்துப் போக, ‘லண்டனில் டீ குடித்தோம்’ என்று நிறைவாகச் சொல்ல, இதுவே போதும்.

*ஒருமுறை நன்றாகச் செய்துவிடலாம் என்பவர்களுக்கு:* ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையின் நான்காவது மாடியில் உள்ள டயமண்ட் ஜூபிலி டீ சலூன். 2012இல் எலிசபெத் அரசி திறந்து வைத்தது. தலைக்கு 80 பவுண்டை ஒட்டி ஆகும். கொடுக்கிற காசுக்கு டீ வகைகள் கிடைப்பது இங்கேதான், டீ விற்றே பேர் வாங்கிய கடை அல்லவா. சைவ மெனு தனியாக உண்டு. இனிப்பு வேண்டாதவர்களுக்குக் காரமும் உப்புமாக ‘சேவரி’ ஆஃப்டர்நூன் டீயும் உண்டு. சர்க்கரை நோயுள்ள பெற்றோருக்கு இது பெரிய வசதி. ஆனால் ரொட்டியும் மாவும் குறையாது என்பதை நினைவில் வையுங்கள்.

மேஃபேரில் கிளாரிட்ஜஸ், ஆல்பெமார்ல் தெருவில் பிரௌன்ஸ், ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் பக்கம் லாங்காமின் பாம் கோர்ட் ஆகிய ஹோட்டல்கள் எல்லாம் அதே விலைத் தளத்தில், சில அதற்கும் மேலே. பாட்டும் பூவும் பீங்கானும் முக்கியம் என்றால் இவை. கான்டுயிட் தெரு 9இல் உள்ள ‘ஸ்கெட்ச்’ உணவகம், படம் எடுத்துப் பகிர விரும்புகிறவர்களின் இடம். இளஞ்சிவப்பு அறை வேண்டும் என்று கிளம்பாதீர்கள், 2022இலேயே அது மஞ்சளாகிவிட்டது.

*ரிட்ஸ்:* பகல் 11.30, 1.30, 3.30, 5.30, 7.30 என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஸ்லாட். விலை 80 பவுண்டைத் தாண்டும். வார இறுதி பிற்பகல் வேண்டுமென்றால் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

3. முன்பதிவு: கார்டும் விதிகளும்

அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்திலேயே பதிவு செய்யுங்கள். நடுவில் இருக்கும் தளங்களில் விலை குறைவாகத் தெரியலாம். ஆனால் முட்டை வேண்டாம், சக்கர நாற்காலி வருகிறது போன்ற குறிப்புகள் சமையலறைக்குப் போய்ச் சேருவதில்லை.

கையில் இருக்க வேண்டியவை: கிரெடிட் அல்லது டெபிட் கார்டு, பிரிட்டன் எண்ணோ வெளிநாட்டு எண்ணோ ஒரு செல்பேசி, வேலை செய்யும் மின்னஞ்சல். பல இடங்கள் பணத்தை உடனே எடுப்பதில்லை. கார்டை மட்டும் பதிந்து வைத்துக்கொள்ளும். சொல்லாமல் வராவிட்டாலோ கெடு தாண்டி ரத்து செய்தாலோ தலைக்கு இவ்வளவு என்று அதிலிருந்து எடுத்துவிடும். அந்தக் கெடு 24 மணியா, 48 மணியா, அதற்கும் மேலா என்பது உறுதிப்படுத்தும் மின்னஞ்சலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். நான்கு பேர் பதிந்து மூன்று பேர் போனாலும் நான்காவது ஆளுக்கு எடுப்பார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்திய வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். வங்கிச் செயலியில் அதை இயக்கிவிட்டுத்தான் பதிவைத் தொடங்குங்கள். ஓடிபி வரும் இந்திய சிம் ரோமிங்கில் இருக்க வேண்டும். இது இரண்டும் இல்லாமல் ஸ்லாட் கைநழுவிப் போவது அடிக்கடி நடக்கிறது.

பரிசுக் கூப்பன் கிடைத்திருந்தால் அதன் காலாவதித் தேதியையும், சனி ஞாயிறு செல்லுமா என்பதையும் பாருங்கள். கூப்பனில் சர்வீஸ் சார்ஜ் அடங்காமல் இருக்கலாம். அப்படியென்றால் அது தனியாக ஆகும்.

எப்போது கூட்டம்: டிசம்பர் முழுவதும், ஈஸ்டர், பள்ளி விடுமுறைகள், பிரிட்டனின் அன்னையர் தினம். அது மே மாதம் அல்ல, ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்பு வரும் ஞாயிறு. செவ்வாய், புதன் பகலில் அதே இடத்தில் சில நாள் முன்புகூட இடம் கிடைக்கும். சில ஹோட்டல்களில் வாரநாள் விலையும் குறைவு.

4. முட்டை, ஜெலட்டின், மது: பதியும்போதே எழுதுங்கள்

நம்மவர்களுக்கு அதிகம் சறுக்குவது இங்கேதான்.

இங்கே ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டை உண்டு. கேக்கில் முட்டை, மயோனைஸில் முட்டை, பிரியோஷ் ரொட்டியில் முட்டை. ஸ்கோனின் மேல் பளபளப்புக்கூட பெரும்பாலும் முட்டை தடவி வருவதுதான். ஆக, முட்டை சாப்பிடாதவர் வெஜிடேரியன் மெனுவைத் தேர்ந்தெடுத்தால் சாண்ட்விச்சில் பாதியும் டீயும்தான் மிஞ்சும். உங்களுக்கு வேண்டியது வீகன் மெனு. அதில் முட்டை இல்லை, ஆனால் பாலும் வெண்ணெயும்கூட இருக்காது. கிளாட்டட் கிரீமுக்குப் பதில் ஏதோ ஒரு மாற்றுக் கிரீம் வரும். சாப்பிட வந்ததே அந்தக் கிரீமுக்குத்தான் என்றால், “வீகன் மெனு, ஆனால் பால் பொருள் சாப்பிடுவோம், கிளாட்டட் கிரீம் தனியாக வேண்டும்” என்று குறிப்பில் எழுதுங்கள். பல இடங்களில் கொடுத்துவிடுகிறார்கள்.

அசைவ மெனுவில் ஜெலட்டினைக் கவனியுங்கள். மூஸ், பன்னாகோட்டா, ஜெல்லி, மார்ஷ்மெல்லோ எல்லாவற்றிலும் வரலாம், அது பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்ததாக இருக்கும். ஹலால் பார்க்கிறவர்கள் ஹாம் (பன்றி இறைச்சி) சாண்ட்விச்சை மட்டும் ஒதுக்கினால் போதாது. கோழியின் வகையையும், கேக்கில் ரம், ஷெர்ரி, ஷாம்பெயின் ஜெல்லி இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். எளிய வழி: சைவ மெனு, மது இல்லாமல்.

குறிப்புப் பெட்டியில் நீளமாக எழுத வேண்டாம். “நோ எக், நோ ஜெலட்டின், நோ ஆல்கஹால்” என்று உங்களுக்கு வேண்டியதை மட்டும், யாருக்கு எத்தனை தட்டு என்ற கணக்கோடு எழுதுங்கள். பிறகு இரண்டு நாள் முன்பு மின்னஞ்சலில் ஒருமுறை உறுதிசெய்யுங்கள். கேக்குகள் காலையிலேயே செய்து முடிந்திருக்கும். மேசையில் உட்கார்ந்து சொன்னால் சமையல்காரர் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒவ்வாமை என்றால் தயங்காமல் பட்டியலைக் கேளுங்கள். வேர்க்கடலை, எள், கடுகு, பால், முட்டை உள்ளிட்ட 14 பொருள்கள் எதில் இருக்கின்றன என்று சொல்லும் சட்டப் பொறுப்பு உணவகத்துக்கு உண்டு.

5. உடை

ரிட்ஸின் டீ அறையான பாம் கோர்ட்டில் ஆண்களுக்குக் கோட்டும் டையும் கட்டாயம். ஜீன்ஸ், விளையாட்டு ஷூ யாருக்கும் கூடாது. மற்ற இடங்களில் காலர் சட்டை, பேன்ட், மூடிய ஷூ போதும். கிழிந்த ஜீன்ஸ், அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு வேண்டாம். புடவை, சல்வார் எங்கும் பிரச்சினையே இல்லை. பட்டு வேட்டி கட்டிப் போக ஆசை என்றால் ரிட்ஸுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைச் செல்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டு இல்லாத மாணவர்கள் புதிதாக வாங்க வேண்டாம். ஆக்ஸ்ஃபாம் போன்ற தொண்டு நிறுவனக் கடைகளில் 10, 20 பவுண்டுக்கு நல்ல கோட்டு கிடைக்கும்.

6. நேரத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்

மேசை உங்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்தான். 15 நிமிடம் தாமதித்தால் சில இடங்களில் மேசையே போய்விடும். மேசை போகாவிட்டாலும் அந்த நேரம் உங்கள் இரண்டு மணியில்தான் கழியும்.

பகல் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு 3 மணிக்குப் போகாதீர்கள். இத்தனை வெண்ணெயும் சர்க்கரையும் இறங்காது. காலையில் லேசாக எதையாவது சாப்பிட்டுவிட்டு 1 மணி ஸ்லாட்டை எடுத்தால் பகல் உணவும் இதுவே, இரவுக்கு ஒரு மோர் சாதம் போதும். அந்த வகையில் பார்த்தால் விலையும் கொஞ்சம் நியாயமாகத் தெரியும்.

ரிட்ஸ், வுல்ஸ்லி, ஃபோர்ட்னம், பிரௌன்ஸ் நான்குக்கும் கிரீன் பார்க் நிலையத்திலிருந்து நடந்து போகலாம். கிளாரிட்ஜஸுக்கு பாண்ட் ஸ்ட்ரீட், லாங்காமுக்கும் ஸ்கெட்சுக்கும் ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ்.

7. மேசையில்

முதலில் டீ கேட்பார்கள். நம் வாய்க்குப் பழகிய கெட்டி டீக்கு மிக அருகில் வருவது அஸ்ஸாம், அதற்கடுத்து இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட். எர்ல் கிரே வாசனை டீ, பால் ஊற்றினால் பலருக்குப் பிடிப்பதில்லை. லாப்சாங் சூச்சாங் புகை வாசம் அடிக்கும், தெரியாமல் கேட்டுவிட்டு முழிக்காதீர்கள். பட்டியலில் நீலகிரியோ, இலங்கையின் டிம்புலாவோ ஊவாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். மலையகத்துத் தமிழ்ப் பெண்கள் பறித்த கொழுந்து இத்தனை வெள்ளிக் குடுவைக்குள் எப்படி வந்து உட்காருகிறது என்று பார்க்கலாம். சில அரிய டீக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, பட்டியலில் பக்கத்திலேயே எண் இருக்கும்.

பால் தனி ஜாடியில், குளிர்ச்சியாக வரும். சூடான பால் வேண்டுமென்றால் கேட்டால் தருவார்கள். இலை குடுவைக்குள்ளேயே இருந்தால் மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு ஊற்றுங்கள். அதற்கு மேல் கிடந்தால் துவர்க்கும், அப்போது கூடவே வரும் வெந்நீரைச் சேர்த்துக்கொள்ளலாம். பல இடங்களில் அடுத்த குடுவையை வேறு வகை டீயாக மாற்றிக் கேட்கலாம், காசு இல்லை.

“ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?” என்று கேட்டால் இரண்டுமே காசு கொடுக்கும் பாட்டில் தண்ணீர். “டாப் வாட்டர்” என்று சொல்லுங்கள். மது விற்கும் உரிமம் உள்ள இடங்கள் கேட்டால் அதை இலவசமாகத் தந்தே ஆகவேண்டும், சட்டம் அப்படி.

தட்டைக் கீழிருந்து மேலே சாப்பிடுங்கள்: சாண்ட்விச், ஸ்கோன், கேக்கு. ஸ்கோன் ஆறினால் கல். சூடாகத் துணியில் சுற்றி வந்தால் சாண்ட்விச்சை விட்டுவிட்டு அதை முதலில் எடுத்தாலும் யாரும் தடுக்கப் போவதில்லை. கையால் குறுக்காகப் பிளந்து, ஒவ்வொரு பாதியிலும் ஜாமும் கிரீமும் வையுங்கள். கார்ன்வால்காரர்கள் ஜாமை முதலில் வைப்பார்கள், டெவன்காரர்கள் கிரீமை முதலில். கிரீமில் குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு என்பதால் வெண்ணெய் தனியாகத் தேவையில்லை.

சாண்ட்விச்சும் ஸ்கோனும் தீர்ந்தால் பெரிய ஹோட்டல்களில் மறுபடி கொண்டு வருவார்கள். தானாக வராவிட்டால் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. விலையில் அது சேர்ந்ததுதான். கேக்கு பெரும்பாலும் ஒருமுறைதான்.

ஒரு தட்டை வாங்கி இரண்டு பேர் பகிர்வதை ஏறக்குறைய எந்த இடமும் ஒப்புக்கொள்ளாது. உட்காரும் ஒவ்வொருவருக்கும் விலை உண்டு. பெரிய இடங்கள் பலவற்றில் குழந்தைகளுக்குத் தனி மெனு குறைந்த விலையில் கிடைக்கும். கைக்குழந்தை, ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் கட்டணம் எப்படி என்று பதியும்போதே கேளுங்கள்.

8. பில்

மெனு விலையில் 20 சதவீத வாட் வரி அடங்கியிருக்கும். அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ், பெரும்பாலும் 12.5 சதவீதம், சில ஹோட்டல்களில் 15. நான்கு பேருக்கு 80 வீதம் 320, அதன் மேல் 40, மொத்தம் 360 பவுண்டு. பவுண்டுக்கு 115 ரூபாய் என்று வைத்தால் 41,400 ரூபாய். இதை வீட்டிலேயே கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சர்வீஸ் சார்ஜுக்குப் பக்கத்தில் ‘டிஸ்கிரிஷனரி’ (விருப்பப்பட்டால் மட்டும்) என்று போட்டிருந்தால் கவனிப்பு மோசமாக இருந்தபோது அதை எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இல்லையென்றால் கொடுத்துவிடுங்கள். 2024 அக்டோபர் முதல் அந்தத் தொகை முழுவதும் ஊழியர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். அதைக் கொடுத்த பிறகு தனி டிப்ஸ் தேவையில்லை.

ரொக்கத்தை நம்பிப் போகாதீர்கள், பல இடங்கள் கார்டு மட்டும்தான். இந்தியக் கார்டைச் செருகினால் ரூபாயா பவுண்டா என்று இயந்திரம் கேட்கும். பவுண்டையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் போடும் மாற்று விகிதத்தில் சில சதவீதம் போய்விடும்.

இத்தனை செலவு இப்போது வேண்டாம் என்பவர்களுக்கு: மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் அல்லது வெயிட்ரோஸில் ஒரு பொட்டலம் ஸ்கோன், ராடாஸ் கிளாட்டட் கிரீம், டிப்ட்ரீ ஸ்ட்ராபெர்ரி ஜாம், ஃபிளாஸ்கில் வீட்டு டீ. 10 பவுண்டுக்குள் இரண்டு பேருக்குத் தாராளம். செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் புல்லில் உட்காருங்கள். வாடகைச் சாய்வு நாற்காலிக்குக் காசு உண்டு, பெஞ்சுக்கு இல்லை.

ஹோட்டலில் மிச்சமான கேக்கைப் பெட்டியில் கட்டித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் தருவார்கள். மீனும் இறைச்சியும் வைத்த சாண்ட்விச்சைத் தர மறுக்கலாம், கெட்டுவிடும் என்பதுதான் காரணம். கிரீம் வைத்தவற்றை வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜில் வைத்து அன்றைக்கே முடித்துவிடுங்கள். ஸ்கோன் மறுநாளும் தாங்கும், ஓவனில் ஐந்து நிமிடம் சூடாக்கினால் போதும். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும்.